பெரிய வங்கியில் மென்பொருள் பொறியாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில், குறிப்பாகச் சென்னையில், பெரிய வங்கிகளின் தொழில்நுட்பப் பிரிவில் சேர நினைப்பவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வேறு துறையில் சில ஆண்டுகள் நிரல் எழுதிவிட்டு வங்கிக்கு வருபவர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். அவர்களுக்கு மொழியோ கருவியோ புதிதாக இருக்காது. ஒரு தொகை இந்த நொடியில் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று எப்போது கேட்டாலும் சொல்ல முடிய வேண்டும் என்ற கட்டாயம்தான் புதிது.

வங்கியில் சாஃப்ட்வேர் வேலை என்றால் யாரிடம், எந்த மாதிரி வேலை?

வாசல் நான்கு. முதலாவது பொதுத்துறை வங்கிகள். ராயப்பேட்டையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கி, அண்ணா சாலையில் இருக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, மும்பையில் இருக்கும் ஸ்டேட் வங்கி போன்றவை. வாடிக்கையாளர் கணக்குகளையும் இருப்பையும் நடத்தும் மைய மென்பொருளான கோர் பேங்கிங்கை இவை வெளியிலிருந்து வாங்கியிருக்கின்றன: ஸ்டேட் வங்கியில் டிசிஎஸ்ஸின் பேங்க்ஸ், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் இன்ஃபோசிஸின் ஃபினக்கிள். ஆகவே ஐடி அலுவலரின் நாளில் பெரும்பகுதி வெண்டரிடம் வேலை வாங்குவது, அவர் தந்ததைச் சோதிப்பது, தரவு மையத்தைக் கவனிப்பது, ஆய்வுக் குறிப்புகளுக்குப் பதில் எழுதுவது என்று போகும். நாள் முழுக்க நிரல் எழுத ஆசைப்படுபவருக்கு இது ஒத்துவராது. ஒரு வங்கி முழுமையாக எப்படி இயங்குகிறது என்று பார்க்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டாவது தனியார் வங்கிகள். இங்கே மொபைல் ஆப், பணமாற்று, கடன் விண்ணப்பம் போன்றவற்றைச் சொந்தக் குழுக்களே எழுதுவது அதிகம். மூன்றாவது பன்னாட்டு வங்கிகளின் சொந்த மையங்கள். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் 2001இல் ஸ்கோப் இன்டர்நேஷனல் என்ற பெயரில் சென்னையில் தொடங்கியது அப்படி ஒன்று; சிட்டி, பார்க்ளேஸ், பேங்க் ஆஃப் அமெரிக்கா, பிஎன்ஒய் ஆகியவற்றுக்கும் இங்கே மையங்கள் உண்டு. நான்காவது, ஐடி சேவை நிறுவனத்தின் ஊழியராக வங்கியில் போய் உட்கார்ந்து வேலை செய்வது. வேலை ஒன்றேதான், அனுமதிகளும் சம்பள உயர்வும் வேறு.

எப்படி நுழைவது? சம்பளம் எவ்வளவு?

பொதுத்துறைக்கு, ஐபிபிஎஸ் என்ற வங்கிப் பணியாளர் தேர்வு அமைப்பு நடத்தும் சிறப்பு அலுவலர் தேர்வு. பதவியின் பெயர் ஐடி ஆபீசர், ஸ்கேல் 1. வயது 20 முதல் 30 வரை, இட ஒதுக்கீட்டுத் தளர்வு தனி. கணினி சார்ந்த பொறியியல் பட்டம் அல்லது அதற்கு இணையானது தேவை. முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என மூன்று கட்டம். டேட்டாபேஸ், நெட்வொர்க், ஆப்பரேட்டிங் சிஸ்டம், பாதுகாப்பு ஆகியவற்றைக் கேட்கும் தொழில் அறிவுத் தாளில்தான் பலர் தேறுவதும் தவறுவதும். ஸ்டேட் வங்கி சிறப்பு அலுவலர்களைத் தனியாக எடுக்கிறது. ஸ்கேல் 1 அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி போன்றவை அதற்கு மேல்.

மற்ற மூன்று வாசல்களிலும் நேர்காணல்தான். ஜாவா, எஸ்க்யூஎல் கேள்விகளைத் தாண்டி ஒரு சூழ்நிலைக் கேள்வி பெரும்பாலும் வரும்: "ஒரே பணமாற்றுக் கோரிக்கை இரண்டு முறை வந்தால் என்ன செய்வீர்கள்?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவர் பாதித் தூரம் கடந்துவிட்டார். அந்தப் பதில் கீழே இருக்கிறது.

எந்த மொழி, எந்தக் கருவி?

ஜாவா, ஸ்பிரிங், ஆரக்கிள், லினக்ஸ், ஒரு மெசேஜ் கியூ. இந்த ஐந்தும் கைவசம் இருந்தால் பெரும்பாலான குழுக்களில் சமாளிக்கலாம். ஆரக்கிளோடு வரும் டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லை மட்டும் நுனிப்புல் மேயக் கூடாது. நள்ளிரவில் பிரச்சினை வரும்போது உண்மையைச் சொல்வது டேட்டாபேஸ் ஒன்றுதான்.

அமெரிக்க, பிரிட்டிஷ் வங்கிகளின் மையங்களில் மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினிகளும் கோபால் என்ற பழைய நிரல் மொழியும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அங்கே முதல் வாரத்திலேயே சந்திக்கக்கூடியது எஸ்0சி7 என்ற அபெண்ட், அதாவது ஜாப் பாதியில் முறிவது. எண் இருக்க வேண்டிய புலத்தில் வெற்றிடமோ எழுத்தோ இருந்து, அதை வைத்துக் கணக்குப் போடப் போனதால் நின்ற ஜாப் அது. உள்ளீட்டுக் கோப்பில் ஒரு வரி ஒரு எழுத்து நகர்ந்திருந்தாலே போதும். நிரலை நோண்டுவதற்கு முன் கோப்பின் நீளத்தையும், அதன் புல அமைப்பைச் சொல்லும் காப்பிபுக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோளாறு அநேகமாக அங்கேதான்.

சேர்ந்து மூன்று வாரம் ஆகியும் லாகின் முழுதாகக் கிடைக்கவில்லை. இது சகஜமா?

சகஜம். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனி விண்ணப்பம். மேலாளரும் அந்த சிஸ்டத்தின் உரிமையாளரும் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும். சேர்ந்த அன்றே தேவையானவற்றைப் பட்டியலிட்டு எல்லா விண்ணப்பங்களையும் ஒன்றாகப் போட்டுவிடுங்கள். ஒன்று வந்த பிறகு அடுத்தது என்று காத்திருந்தால் இரண்டு மாதம் ஓடிவிடும். இடைப்பட்ட நாட்களில் ஒரே ஒரு பரிவர்த்தனையை எடுத்து, வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தியதிலிருந்து வங்கியின் பொதுக் கணக்கேடான ஜெனரல் லெட்ஜரில் பதிவாகும்வரை எந்தெந்த சிஸ்டம் வழியாகப் போகிறது என்று தாளில் வரைந்து மூத்தவரிடம் காட்டுங்கள்.

அவசரத்துக்குப் பக்கத்து இருக்கைக்காரரின் பாஸ்வேர்டை மட்டும் வாங்காதீர்கள். நல்ல வேலைக்காரர்களும் வேலை இழப்பது இதனால்தான். மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுமதிகளை மறுஆய்வு செய்வார்கள். மேலாளர் டிக் செய்ய மறந்தால் உங்கள் அனுமதி அன்றிரவே போய்விடும். தேதியை நீங்களே குறித்து வைத்து நினைவூட்டுங்கள்.

பணத்தை நிரலில் எப்படி வைத்துக்கொள்வது?

டபுள், ஃப்ளோட் இரண்டும் கூடாது. 0.1ஐயும் 0.2ஐயும் டபுளில் கூட்டினால் 0.30000000000000004 வரும். ஜாவாவில் பிக்டெசிமல், ஆரக்கிளில் நம்பர், அல்லது காசுகளை முழு எண்ணாக வைப்பது. பிக்டெசிமலிலும் இரண்டு குழிகள் உண்டு. டபுளைக் கொடுத்து உருவாக்கினால் அந்தப் பிழையும் உள்ளே வந்துவிடும், எழுத்துச் சரமாகக் கொடுங்கள். ஈக்வல்ஸ் வைத்து ஒப்பிட்டால் 2.0உம் 2.00உம் வேறுவேறு என்று சொல்லும், கம்பேர்டூ பயன்படுத்துங்கள்.

அடுத்தது, தொகையை எப்போது முழுமையாக்குவது (ரவுண்ட் செய்வது) என்ற கேள்வி. இது நிரலாளர் தானாக முடிவெடுக்கும் விஷயம் அல்ல. சேமிப்புக் கணக்கு வட்டியைத் தினசரி இருப்பை வைத்துக் கணக்கிட வேண்டும் என்பது 2010 ஏப்ரல் 1 முதல் விதி. 10,000 ரூபாய்க்கு 3 சதவீத வட்டி என்றால் ஒரு நாளைக்கு 82.19 காசு. தினமும் 82 காசு என்று வெட்டிவிட்டு 90 நாள் கூட்டினால் 73.80 ரூபாய், வெட்டாமல் கூட்டிக் கடைசியில் முழுமையாக்கினால் 73.97. வித்தியாசம் 17 காசு. அப்படி ஒரு கோடிக் கணக்குகள் இருந்தால் 17 லட்சம் ரூபாய் வாடிக்கையாளர்களுக்குக் குறைகிறது. தினசரி வட்டியைப் பல தசம இடங்களோடு சேமித்து, கணக்கில் வரவு வைக்கும் நாளில் மட்டும் முழுமையாக்குவது இதனால்தான்.

கடனில் மீதம் கடைசித் தவணைக்குப் போகும். ஒரு லட்சம், 12 சதவீதம், 12 மாதம் என்றால் தவணை 8,884.88 வருகிறது, 8,885 என்று வசூலித்தால் கடைசித் தவணை சுமார் 8,883 ரூபாய் 46 காசாகக் குறைய வேண்டும். இதை மறந்த நிரல் கடனை முடித்த பின்னும் கணக்கில் ஒன்றரை ரூபாயைத் தொங்கவிடும். கணக்கு மூடாது, தடையின்மைச் சான்று கிடைக்காது, வாடிக்கையாளர் கிளைக்கு அலைவார்.

எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசமம் என்றும் எழுதிவிடாதீர்கள். ஜப்பானிய யென்னுக்குத் தசமமே இல்லை. குவைத் தினாருக்கு மூன்று. அட்டைப் பரிவர்த்தனைக்கான ஐஎஸ்ஓ 8583 செய்தியில் தொகை 12 இலக்கமாக, புள்ளி இல்லாமல் போகும்: 1,250.50 ரூபாய் என்பது 000000125050. புள்ளி எங்கே என்று நாணயக் குறியீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

டைம்அவுட் ஆனால் மறுபடி அனுப்பலாமா?

வங்கி மென்பொருளில் மிக அதிகமான சேதம் இந்த ஒரு கேள்விக்குத் தவறான பதிலிலிருந்து வருகிறது. நிதானமாகப் பார்ப்போம்.

யுபிஐயில் ஒருவர் பணம் அனுப்புகிறார். யுபிஐயை நடத்தும் என்பிசிஐ முதலில் அனுப்புபவரின் வங்கியிடம் பற்று வைக்கச் சொல்கிறது. பிறகு பெறுபவரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. நீங்கள் அனுப்புபவரின் வங்கியில் இருக்கிறீர்கள். உங்கள் சேவை கோர் பேங்கிங்கை அழைத்தது, அது கணக்கில் பற்று வைத்துவிட்டது, ஆனால் பதில் உங்களிடம் வரும் முன் நேரம் முடிந்துவிட்டது. பணம் கணக்கிலிருந்து போய்விட்டதா? உங்கள் சேவைக்குத் தெரியாது. "தெரியாது" என்பதை "தோல்வி" என்று பதிவு செய்தால் ஒரு வகைக் கேடு. மூன்று முறை மறுபடி முயலும் நிரலை எழுதினால், இன்னும் மூன்று முறை பற்று விழும் என்பது இன்னொரு வகைக் கேடு.

செய்ய வேண்டியவை இவை. பரிவர்த்தனை எண்ணைத் தொடங்குபவர் ஒரே ஒருமுறை உருவாக்க வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண். பெறும் பக்கத்தில் அந்த எண்ணுக்கு டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். "முதலில் தேடு, இல்லையென்றால் சேர்" என்று நிரலில் மட்டும் எழுதினால், ஒரே நொடியில் வந்த இரண்டு கோரிக்கைகளும் தேடி, இரண்டும் இல்லை என்று கண்டு, இரண்டும் சேர்த்துவிடும். இரண்டாவதாக வந்த கோரிக்கைக்குப் பிழைச் செய்தி தராமல், முதல் முறை தந்த அதே பதிலைத் தர வேண்டும்.

நிலைப் பட்டியலில் வெற்றி, தோல்வி இரண்டோடு "முடிவு தெரியவில்லை" என்ற மூன்றாவதும் கட்டாயம். அந்த நிலையில் நிற்பவற்றை ஒரு ஜாப் எடுத்து, நிலை விசாரணைச் செய்தி அனுப்பி, பதிலைப் பார்த்து நகர்த்த வேண்டும்.

நேர வரம்புகள் வெளியிலிருந்து உள்ளே போகப்போகக் குறைய வேண்டும். வெளியே 30 நொடி காத்திருக்கிறார்கள் என்றால் கோர் பேங்கிங் அழைப்புக்கு 20, டேட்டாபேஸ் பூட்டுக்கு 5 என்பது போல. தலைகீழாக இருந்தால் வெளியே கைவிட்ட பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

கடைசியாக, திருப்புதல். அட்டைச் செய்திகளில் 0200 என்ற எண் கொண்ட கோரிக்கைக்கு 0210 என்ற பதில் வராவிட்டால் 0420 என்ற திருப்புதல் செய்தி போகும். இந்த 0420 சில சமயம் அசல் 0200ஐ முந்திக்கொண்டு வந்து சேரும். "அசல் இல்லை, திருப்ப ஒன்றுமில்லை" என்று அதைத் தூக்கிப்போட்டால், பின்னால் வரும் அசல் பற்று வைத்துவிடும். அதைத் திருப்ப யாரும் இருக்க மாட்டார்கள். அசல் வராத திருப்புதலையும் பதிவு செய்து, பிறகு அசல் வந்தால் மறுக்க வேண்டும். திருப்புதலும் இரண்டு முறை வரலாம் என்பதால் அதற்கும் அதே யூனிக் கட்டுப்பாடு.

இது வெறும் தொழில்நுட்ப நேர்த்திக்காக இல்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். ஏடிஎம்மில் பற்று விழுந்து பணம் வராவிட்டால் 5 நாளுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதையும் வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும்.

ரீகன்சிலியேஷன் என்பது கணக்குப் பிரிவின் வேலைதானே?

ரீகன்சிலியேஷன் என்றால் வெவ்வேறு பதிவுகளை ஒப்பிட்டுப் பொருத்துவது. கோப்பைப் பார்ப்பது அவர்கள். பொருந்தாத வரிகளுக்குக் காரணம் பெரும்பாலும் நம் நிரல். ஏடிஎம்மை எடுத்துக்கொண்டால் கோர் பேங்கிங், கோரிக்கைகளை வழிநடத்தும் ஸ்விட்ச், நெட்வொர்க் அனுப்பும் கோப்பு என மூன்று பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருத்தும் சாவி பெரும்பாலும் ஆர்ஆர்என் என்ற 12 இலக்கக் குறிப்பு எண், தொகை, தேதி. இந்தத் தேதியில்தான் சிக்கல். இரவு 11:58க்கு நடந்தது ஸ்விட்சில் ஒரு தேதியிலும் கோர் பேங்கிங்கில் மறுதேதியிலும் விழும். ஆகவே கடிகார நேரம், வணிக நாள், தீர்வு நாள் மூன்றுக்கும் தனித்தனிப் புலம் வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றை ஊகிக்கும் நிரல் மாதக் கடைசியில் மாட்டிக்கொள்ளும். எக்ஸெல்லில் திறந்து சேமித்த கோப்பில் ஆர்ஆர்என்னின் முன்சுழியம் காணாமல் போவதும் அடிக்கடி நடப்பது.

பொருந்தாதவை சஸ்பென்ஸ் கணக்கு என்ற தற்காலிகக் கணக்கில் நிற்கும். அந்தக் கணக்கின் இருப்பு நாளுக்கு நாள் ஏறினால், எங்கோ ஒரு நிரல் தவறு செய்கிறது என்று பொருள். தொகை சிறிது என்று விடக் கூடாது.

2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கு இடையிலான பன்னாட்டுச் செய்தி வலை) வழியாக மூன்று கள்ளப் பணமாற்றுகள், ஏறத்தாழ 20 லட்சம் டாலர், போயின. அது வெளிப்பட்டது ரீகன்சிலியேஷனில்தான். உடனே தெரிந்ததால் ஒரு பகுதியைத் தடுக்க முடிந்தது. அதே மாதம் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில் ஸ்விஃப்ட் செய்திகள் கோர் பேங்கிங்கோடு இணைக்கப்படாமல் இருந்தன. ஒப்பிட மறுபக்கப் பதிவே இல்லாததால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை.

இஓடி என்றால் என்ன? யுபிஐ 24 மணி நேரமும் ஓடும்போது நாள் எப்படி முடிகிறது?

இஓடி என்பது எண்ட் ஆஃப் டே, நாள் முடிவு. அன்றைய வணிக நாளை மூடி அடுத்ததைத் திறக்கும் பேட்ச் வரிசை, அதாவது மொத்தமாக ஓடும் ஜாப்களின் வரிசை, அது. வட்டி சேர்ப்பு, நிலையான உத்தரவுகள், கடன் தவணைப் பிடித்தம், ஜெனரல் லெட்ஜர் சரிபார்ப்பு, அறிக்கைகள் எல்லாம் வரிசையாக ஓடும். நெஃப்ட் 2019 டிசம்பர் 16இலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14இலிருந்தும் இரவு பகலாக இயங்குவதால், முன்பு போல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு பேட்ச் ஓட்ட முடியாது. பேட்ச் ஓடும் நேரத்தில் வரும் பரிவர்த்தனைகள் இணையாக வைத்த இருப்புப் பதிவில் நடந்து, பிறகு கோர் பேங்கிங்கில் ஏறும். அந்த இணைப் பதிவு பழைய இருப்பைக் காட்டினால் இல்லாத பணம் எடுக்கப்படும்.

இஓடி தாமதமானால் கிளைகள் காலையில் சங்கடப்படும் என்பதோடு முடிவதில்லை. கடன் வாராக்கடனாவது அந்த ஓட்டத்தில்தான். ரிசர்வ் வங்கியின் 2021 நவம்பர் விளக்கத்தில் உள்ள உதாரணம்: மார்ச் 31 தவணை அன்றைய இஓடிக்குள் வராவிட்டால் அன்றே நிலுவை, தொடர்ந்து வராவிட்டால் ஏப்ரல் 30 இஓடியில் எஸ்எம்ஏ-1 (வாராக்கடனாகும் முன் வரும் எச்சரிக்கை வகை), மே 30இல் எஸ்எம்ஏ-2, ஜூன் 29இல் வாராக்கடன். நாள் எண்ணிக்கையில் ஒன்று பிசகினால், ஒழுங்காகக் கட்டியவரின் கடன் வரலாறு கெடும். ஆகவே இந்தப் பகுதியைச் சோதிக்கும்போது மாதக் கடைசி, பிப்ரவரி 28, லீப் ஆண்டு, மார்ச் 31 நான்கும் தனித்தனியாக வேண்டும்.

ஒரு ஜாப் நடுவில் நின்றால், ஓடிய பகுதியை மறுபடி ஓட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகுதான் ரீஸ்டார்ட். ஜாப் எழுதும்போதே ஆயிரம் வரிக்கு ஒருமுறை செக்பாயிண்ட் வைத்து, முடித்த வரியை மறுபடி தொடாதபடி எழுதிவிட்டால் அந்த இரவு சுலபமாக முடியும்.

சின்னத் திருத்தம்தான். புரொடக்ஷனில் நானே போட்டுவிட முடியாதா?

முடியாது. எழுதியவர், சரிபார்த்தவர், புரொடக்ஷனில் ஏற்றுபவர் மூவரும் வேறு ஆட்களாக இருக்க வேண்டும். வழக்கமான வரிசை: டிக்கெட், நிரல், இன்னொருவரின் ரிவ்யூ, பாதுகாப்பு ஸ்கேன், யுஏடியில் (பயனர் ஏற்புச் சோதனையில்) பயன்பாட்டுப் பிரிவின் ஒப்புதல், சேஞ்ச் ரிக்வெஸ்ட், சேஞ்ச் குழுவின் அனுமதி, குறித்த நேரத்தில் ஏற்றுதல், ஏற்றிய பின் சரிபார்ப்பு. அவசரச் சேஞ்ச் என்று ஒன்று உண்டு. அதிலும் ஒப்புதல் உண்டு, படிவம்தான் பின்னால் வரும். மார்ச் கடைசியில் இந்திய வங்கிகளிலும், டிசம்பரில் பல பன்னாட்டு வங்கிகளிலும் சேஞ்ச் ஃப்ரீஸ், அதாவது மாற்றங்களுக்குத் தடை. உங்கள் திட்டத்தில் இந்த வாரங்களை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

டேட்டா திருத்த ஸ்கிரிப்ட்டில் எத்தனை வரி மாற வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுங்கள். 37 என்றால் 37 வந்தால்தான் கமிட். 38 வந்தால் ரோல்பேக், பிறகு விசாரணை. பழைய மதிப்புகளைத் தனி டேபிளில் எடுத்து வைத்த பிறகே அப்டேட். ஆரக்கிளில் ஆல்டர், கிரியேட் போன்ற கட்டளைகள் அதற்கு முன் செய்தவற்றையும் சேர்த்துத் தானாகவே கமிட் செய்துவிடும். அப்டேட்டுகளுக்கு நடுவே ஒரு ஆல்டர் இருந்தால் அதன் பின் ரோல்பேக் எதையும் மீட்காது. இரண்டையும் ஒரே ஸ்கிரிப்ட்டில் கலக்காதீர்கள்.

பின்வாங்கும் திட்டத்தையும் சோதித்தாக வேண்டும். 2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமத்தில், பேட்ச் ஜாப்களை வரிசைப்படி ஓட்டும் ஷெட்யூலரின் புதிய பதிப்பில் கோளாறு தெரிந்ததும் அதை நீக்கிப் பழையதற்குத் திரும்பினார்கள். திரும்புவதன் விளைவைச் சோதிக்கவில்லை. பேட்ச் ஜாப்கள் குலைந்தன. குறைந்தது 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2014இல் விதித்த அபராதம் 5.6 கோடி பவுண்டு. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி புதிய தளத்துக்கு மாறியபோது டேட்டா சரியாகவே போய்ச் சேர்ந்தது, தளம்தான் தாங்கவில்லை. சுமைச் சோதனையை இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டும் நடத்தியிருந்தார்கள். 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள்.

உள் ஊழியர்களுக்கான திரைதானே, வடிவமைப்பில் இவ்வளவு கவனம் தேவையா?

2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அசல் வெளியே போகாமல் உள்கணக்கில் நிற்க, திரையில் மூன்று பெட்டிகளை நிரப்ப வேண்டும். "பிரின்சிபல்" என்ற ஒன்றை நிரப்பினால் போதும் என்று நினைத்தார்கள். பதிவு செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் மூவரும் அப்படியே நினைத்தார்கள். ஏறத்தாழ 90 கோடி டாலர் வெளியே போனது. சுமார் 50 கோடியைப் பெற்றவர்கள் திருப்பித் தர மறுக்க, 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் தீர்ப்பு வங்கிக்குச் சாதகமானது.

மூன்று பேர் பார்த்தாலும் மூவருக்கும் திரை ஒரே தவறான எண்ணத்தைத் தந்தால் பயனில்லை. ஒப்புதல் திரையில் என்ன பெட்டி நிரப்பப்பட்டது என்று காட்டாமல், "இந்தக் கட்டளையால் வங்கிக்கு வெளியே போகும் மொத்தத் தொகை இவ்வளவு" என்று பெரிதாகக் காட்டுங்கள். சரிபார்ப்பவருக்கு முதலாமவர் தட்டியதைக் காட்டி ஓகே வாங்குவதைவிட, தொகையை மறுபடி தட்டச் சொல்வது பலமான தடுப்பு.

ரிசர்வ் வங்கி விதிகளில் எதையெல்லாம் பொறியாளர் தெரிந்துகொள்ள வேண்டும்?

பணப் பரிமாற்றத் தரவை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் (2018 ஏப்ரல் 6). வணிகர்களும் பேமென்ட் நிறுவனங்களும் அட்டை எண்ணைச் சேமிக்கக் கூடாது, அதற்குப் பதிலான டோக்கன் மட்டும் (2022 அக்டோபர் 1 முதல்). ஐடி வெளிப்பணி ஒப்படைப்பு வழிகாட்டுதல் 2023 அக்டோபர் 1 முதலும், ஐடி நிர்வாகம் பற்றியது 2024 ஏப்ரல் 1 முதலும் அமலுக்கு வந்தன. இவற்றோடு மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு: சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (சிஸ்டம் எழுதும் நிகழ்வுப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும், சர்வர் கடிகாரங்கள் ஒத்திசைந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்ததும் முதலில் நிரலைத் திருத்தத் தொடங்காமல் உடனே மேலே சொல்ல வேண்டும் என்பது அந்த 6 மணி நேரத்தால்தான்.

இவை வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் 2024 ஏப்ரல் 24 உத்தரவைப் படிக்கலாம். கோட்டக் மஹிந்திரா வங்கி ஆன்லைனில் புது வாடிக்கையாளர் சேர்ப்பதையும் புதுக் கடன் அட்டை தருவதையும் ரிசர்வ் வங்கி நிறுத்தியது. சொன்ன காரணங்களில் பேட்ச் (மென்பொருள் திருத்தங்கள்) மேலாண்மை, சேஞ்ச் மேலாண்மை, பயனர் அனுமதி மேலாண்மை ஆகியவை உண்டு. தடை 2025 பிப்ரவரியில்தான் நீங்கியது.

சோதனைக்கு உண்மையான டேட்டா எடுக்கலாமா? லாக்கில் என்ன எழுதலாம்?

மறைக்காமல் எடுக்கக் கூடாது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு மொபைல் எண்ணை விட்டுவைத்தால், யுஏடியிலிருந்து உண்மையான வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போய்ச் சேரும். எஸ்எம்எஸ், மின்னஞ்சல் வாசல்களை யுஏடியில் குறித்த சில எண்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

லாக்கில் அட்டையின் முழு எண், சிவிவி, பின் நம்பர், ஓடிபி எதுவும் வரக் கூடாது. சிவிவியைப் பரிவர்த்தனை முடிந்த பின் எங்குமே சேமிக்கக் கூடாது. நேரடியாக யாரும் எழுதுவதில்லை. பிழை வரும்போது முழுக் கோரிக்கையையும் அப்படியே கொட்டும் ஒரு வரியால்தான் இவை லாக்குக்குள் வருகின்றன. டூஸ்ட்ரிங் செயல்பாட்டிலேயே மறைத்துவிட்டால் இந்தக் கசிவு நிற்கும்.

ஆன்-கால், ஷிஃப்ட், லீவு எப்படி இருக்கும்?

பணமாற்றுக் குழுக்களில் வாரம் ஒருவர் என்று சுழற்சியாக ஆன்-கால் வரும். பன்னாட்டு மையங்களில் சிங்கப்பூர் குழுவோடு வேலை என்றால் காலை சீக்கிரம், லண்டன் என்றால் மாலை, நியூயார்க் என்றால் இரவு. சேரும் முன் எந்த ஊர்க் குழு என்று கேட்டுவிடுங்கள். குடும்ப வாழ்க்கையில் இது சம்பளத்தைவிடப் பெரிய வித்தியாசம் செய்யும்.

முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை தொடர்ந்து 10 வேலை நாளாவது கட்டாய விடுப்பில் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2021 விதி. அந்த நாட்களில் லாகின் கூடாது. ஒருவர் மட்டுமே மறைத்துவைத்திருக்கும் தவறு அவர் இல்லாதபோது வெளிவரும் என்பதே நோக்கம். பங்குச் சந்தை தொடர்பான பிரிவில் இருந்தால் சொந்தப் பங்கு வாங்க, விற்க முன் அனுமதி தேவைப்படும், குடும்பத்தினரின் கணக்குக்கும் சேர்த்து.

ஏஐ கருவியிடம் நிரலை ஒட்டிக் கேட்கலாமா?

வங்கி அனுமதித்த கருவியில் மட்டும். அதிலும் வாடிக்கையாளர் டேட்டா, லாக், பாஸ்வேர்டு எதையும் ஒட்டாதீர்கள். அது தந்த நிரலுக்கும் ரிவ்யூவில் பெயர் உங்களுடையதுதான்.

வேலையை விடும்போது கவனிக்க வேண்டியது?

நோட்டீஸ் காலம் பல இடங்களில் 90 நாள். ராஜினாமா கொடுத்ததும் புரொடக்ஷன் அனுமதி உடனே எடுக்கப்படலாம். அது வழக்கமான நடைமுறை, உங்கள் மேல் சந்தேகப்பட்டு அல்ல. கடைசி வாரத்தில் "எனக்குப் பின்னால் பயன்படும்" என்று நிரலையோ ஆவணத்தையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால், தரவுக் கசிவுக் கருவி அன்றே பிடித்துவிடும்; அனுபவச் சான்றிதழே சிக்கலாகும். உங்கள் பெயரில் ஓடும் ஜாப்கள், சர்வீஸ் கணக்குகள், காலாவதியாகும் சான்றிதழ்கள் ஆகியவற்றின் பட்டியலை எழுதி, பொறுப்பேற்பவரின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்படி மாற்றாமல் போனவரின் லாகின் முடக்கப்பட்ட அன்று இரவு, அவர் பெயரில் ஓடிய ஜாப் நிற்கும்.